பென்சகோலாவின் வரலாற்றுக் கொடிகள்

பென்சகோலாவின் வரலாற்றுக் கொடிகள் என்பவை, ஐக்கிய அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்திலுள்ள பென்சகோலா நகரின் மீது 16 ஆம் நூற்றாண்டு முதல் பறந்த வெவ்வேறு அரசுகளின் கொடிகளாகும். ஸ்பெயின், பிரான்ஸ், பிரித்தானியா, அமெரிக்க மாநிலங்களின் கூட்டமைப்பு, ஐக்கிய அமெரிக்கா ஆகிய ஐந்து அரசுகள் இந்நகரை ஆண்டதால், இது "ஐந்து கொடிகளின் நகரம்" என்ற சிறப்புப் பெயரால் அழைக்கப்படுகின்றது.

ஐந்து என்பது அரசுகளின் எண்ணிக்கையே. இவ்வரசுகளிற் பல காலத்துக்குக் காலம் தம் கொடியின் வடிவத்தை மாற்றியுள்ளன. ஸ்பெயினும் பிரான்ஸும் இந்நகரை இழந்தும் மீட்டும் உள்ளன. எனவே ஐந்து கம்பங்களில் எந்த ஐந்து கொடிகளை ஏற்றுவது என்பது எளிதில் விடை காண இயலாத வினாவாக இருந்து வந்துள்ளது. குறிப்பாக, கூட்டமைப்பின் கம்பத்தில் எக்கொடியைப் பறக்கவிடுவது என்பதும், அப்படி ஒன்றைப் பறக்கவிடுவது முறைதானா என்பதும் இந்நகரில் நெடுங்காலம் பிணக்குக்கு உள்ளாயின.

அமைவிடம்

பென்சகோலா புளோரிடாவின் மேற்குக் கோடியில், அலபாமா மாநில எல்லைக்கு அருகே, மெக்சிகோ வளைகுடாவிலிருந்து உள்வாங்கிய ஒரு குடாவின் கரையில் அமைந்துள்ளது. எசுகாம்பியா மாவட்டத்தின் தலைமையிடமும் இதுவே. 2020 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இதன் மக்கள்தொகை 54,312. குடாவின் வாயை சாந்தா ரோசா என்னும் நீண்ட மணல் தீவு காத்து நிற்கின்றது. வாய் குறுகியது, உள்ளே நீர் ஆழமானது. பெரிய பாய்க்கப்பல்கள் புயலுக்கு ஒதுங்கி நிற்கக்கூடிய இத்தகைய துறைமுகங்கள் வளைகுடாவின் வடகரையில் மிகச் சில. இந்நகர் இத்தனை முறை கைமாறியதற்கு இத்துறைமுகமே முதற்காரணம். நகரின் பெயர் இங்கு வாழ்ந்த பன்சகோலா என்ற பழங்குடியினரின் பெயரிலிருந்து வந்தது. இச்சொல் சோக்டா மொழியில் "கூந்தலுடைய மக்கள்" எனப் பொருள்படும்.

ஸ்பானியக் கொடிகள்

1559 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் திரிஸ்தான் டெ லூனா என்பவர் 11 கப்பல்களில் ஏறத்தாழ 1,500 பேருடன் மெக்சிகோவின் வெராக்ரூஸ் பகுதியிலிருந்து இங்கு வந்திறங்கினார். அடுத்த மாதமே வீசிய சூறாவளியில் கப்பல்களிற் பெரும்பாலானவை மூழ்கின. அவற்றுடன் இறக்கப்படாதிருந்த உணவுப் பொருட்களும் அழிந்தன. பசியால் வாடிய குடியேற்றம் 1561 இல் கைவிடப்பட்டது. மூழ்கிய கப்பல்களுள் ஒன்று 1992 இலும், மற்றொன்று 2006 இலும், மூன்றாவது 2016 இலும் கண்டெடுக்கப்பட்டன. லூனாவின் குடியேற்றம் இருந்த நிலப்பகுதி 2015 இல் அடையாளம் காணப்பட்டது. இக்குடியேற்றம் நிலைத்திருந்தால், 1565 இல் நிறுவப்பட்டு இன்றுவரை மக்கள் இடைவிடாது வாழும் புளோரிடாவின் சென் அகஸ்டின் நகருக்குரிய மூத்த நகர் என்ற பெருமை பென்சகோலாவுக்குச் சென்றிருக்கும்.

ஸ்பானியர் மீண்டும் வந்தது 1698 இல். அந்திரேசு டெ ஆரியோலா தலைமையில் வந்தவர்கள் குடாவின் வாயருகே ஒரு மரக்கோட்டையைக் கட்டினர். சில வாரங்களிலேயே, 1699 ஜனவரியில், பிரெஞ்சுக் கப்பல்கள் அதே குடாவைத் தேடி வந்தன. கரையில் ஸ்பானியர் இருக்கக் கண்டு அவை மேற்கே நகர்ந்து சென்றன. பிரெஞ்சு லூயிசியானா பென்சகோலாவில் தொடங்காமல் பிலாக்சியில் தொடங்கியது இதனால்தான்.

ஸ்பெயினின் சார்பில் மூன்று வகைக் கொடிகளைக் குறிப்பிடலாம். முதலாவது, கோட்டைகளும் சிங்கங்களும் நான்கு கட்டங்களில் மாறி மாறி அமைந்த காஸ்தில்-லெயோன் அரசக் கொடி. ஐந்து கொடிகளின் வரிசையில் வழக்கமாகக் காட்டப்படுவது இதுவே. இரண்டாவது, வெள்ளைத் துணியில் முடிச்சுகளோடு கூடிய சிவப்பு மூலைவிட்டச் சிலுவை பொறித்த பர்கண்டிச் சிலுவைக் கொடி. ஸ்பானியப் படைகளும் அமெரிக்காவிலிருந்த கோட்டைகளும் நெடுங்காலம் பயன்படுத்திய கொடி இது. மூன்றாவது, சிவப்பு-மஞ்சள்-சிவப்புப் பட்டைகள் கொண்டது. ஐரோப்பாவின் பூர்போன் அரச மரபினர் பலரும் வெள்ளைக் கொடியையே கப்பல்களில் ஏற்றியதால், கடலில் தொலைவிலிருந்து நண்பன் யார், பகைவன் யார் என்று அறிய முடியவில்லை. ஆகவே 1785 இல் மூன்றாம் கார்லோஸ் மன்னர் இப்புதிய கொடியைக் கடற்படைக்கு விதித்தார். 1793 இல் இது கடலோரக் கோட்டைகளுக்கும் விரிவாக்கப்பட்டது. ஸ்பானிய ஆட்சியின் கடைசிக் கால் நூற்றாண்டுக்கு உரிய கொடி இதுவாகும்.

பிரெஞ்சுக் கொடி

ஐந்து கொடிகளுள் பிரான்ஸின் காலமும் கூட்டமைப்பின் காலமும் மிகக் குறுகியவை. 1719 மே மாதத்தில் லூயிசியானாவிலிருந்து பியான்வீல் தலைமையில் வந்த பிரெஞ்சுப் படை பென்சகோலாவைக் கைப்பற்றியது. இரு நாடுகளுக்கும் இடையே போர் மூண்ட செய்தியே அதுவரை ஸ்பானியக் காவற்படைக்கு எட்டியிருக்கவில்லை. பிடிபட்ட ஸ்பானியரைப் பிரெஞ்சுக்காரர் தம் இரண்டு கப்பல்களில் ஏற்றி ஹவானாவுக்கு அனுப்பினர். ஹவானாவில் அக்கப்பல்களையே பறிமுதல் செய்த ஸ்பானியர், அவற்றையும் சேர்த்துக்கொண்டு ஆகஸ்டில் பென்சகோலாவை மீட்டனர். செப்டம்பரில் அது மறுபடியும் பிரெஞ்சுக்காரர் வசமாயிற்று. ஒரே ஆண்டில் மூன்று முறை கொடி மாறியது. அமைதி உடன்படிக்கைக்குப் பின் 1722 இல் நகர் ஸ்பெயினிடம் திரும்பியது.

இக்காலத்துப் பிரெஞ்சு அரசக் கப்பல்களின் கொடி வெள்ளை நிறமானது. காட்சிக்கு வைக்கப்படும் கொடிகளில் அரச மரபின் பொன்னிற லில்லி மலர்கள் சேர்க்கப்படுவதுண்டு. நீலம், வெள்ளை, சிவப்பு நிறங்களிலான மூவண்ணக் கொடி பிரெஞ்சுப் புரட்சிக்குப் பின் வந்தது. அது பென்சகோலாவில் ஆட்சிக் கொடியாக ஒருபோதும் பறந்ததில்லை.

பிரித்தானியக் கொடி

பிரித்தானியர் 1762 இல் ஹவானாவைக் கைப்பற்றியிருந்தனர். அதைத் திரும்பப் பெறுவதற்காக 1763 பாரிஸ் உடன்படிக்கையில் ஸ்பெயின் புளோரிடாவை விட்டுக்கொடுத்தது. பென்சகோலாவின் ஸ்பானியக் குடிமக்கள் ஏறக்குறைய அனைவரும், அவர்களுடன் கிறித்தவம் தழுவிய பழங்குடியினரும், கப்பலேறி வெராக்ரூஸ் சென்றனர். பிரித்தானியர் இந்நகரை மேற்குப் புளோரிடா என்ற புதிய மாகாணத்தின் தலைநகராக்கினர். எலியாஸ் டர்ன்போர்ட் என்னும் பொறியாளர் வகுத்த சதுரக்கட்டத் தெருவமைப்பு நகர மையத்தில் இன்றும் காணப்படுகின்றது. அன்றைய ஜார்ஜ் தெரு பின்னர் ஸ்பானியரால் பலபாக்ஸ் தெரு எனப் பெயர் மாற்றப்பட்டது.

1763 முதல் 1781 வரை இங்கு பறந்த ஒன்றியக் கொடிக்கும் இன்றைய பிரித்தானியக் கொடிக்கும் ஒரு வேறுபாடு உண்டு. அயர்லாந்தைக் குறிக்கும் சிவப்பு மூலைவிட்டச் சிலுவை 1801 இல்தான் சேர்க்கப்பட்டது. ஆதலால் பென்சகோலாவுக்குரிய வடிவில் அது இருத்தல் கூடாது.

அமெரிக்கப் புரட்சிப் போரில் ஸ்பெயின் பிரித்தானியாவுக்கு எதிராக இறங்கியது. லூயிசியானாவின் ஸ்பானிய ஆளுநர் பெர்னார்டோ டெ கால்வெஸ் 1781 மார்ச்சில் பென்சகோலாவை முற்றுகையிட்டார். முன்னணிக் கப்பல் தரைதட்டியதால் கடற்படைத் தலைவர் குடாவினுள் நுழையத் தயங்கினார். கால்வெஸ் தம் சொந்தச் சிறு கப்பலில் தளபதிக்குரிய கொடியை ஏற்றிக்கொண்டு கோட்டையின் பீரங்கிகளுக்கு முன்னால் தாமே நுழைந்தார். பிறகு ஏனைய கப்பல்களும் பின்தொடர்ந்தன. "நான் மட்டும்" எனப் பொருள்படும் ஸ்பானியச் சொற்களைத் தம் குலச் சின்னத்தில் பொறித்துக்கொள்ள மன்னர் அவருக்கு அனுமதி அளித்தது இச்செயலுக்காகவே. மே 8 அன்று ஒரு குண்டு பிரித்தானிய அரண் ஒன்றின் வெடிமருந்துக் கிடங்கைத் தகர்த்தது. மே 10 அன்று நகர் சரணடைந்தது.

1821: கைமாறிய நாள்

ஸ்பெயினின் இறுதிக் காலத்தில் அமெரிக்கத் தளபதி ஆன்ட்ரூ ஜாக்சன் இந்நகரை இரண்டு முறை படையெடுத்துப் பிடித்தார். 1814 நவம்பரில் வந்தது, ஸ்பானிய ஆளுநர் இடமளித்திருந்த பிரித்தானியப் படையை வெளியேற்றுவதற்காக. சில நாட்களில் திரும்பிவிட்டார். 1818 மே மாதத்தில் மறுபடியும் வந்தபோது அமெரிக்க நிருவாகத்தையே ஏற்படுத்திவிட்டுச் சென்றார். நகர் 1819 தொடக்கத்தில் ஸ்பெயினிடம் ஒப்படைக்கப்பட்டது. அம்மாதமே கையெழுத்தான உடன்படிக்கையின்படி புளோரிடா முழுவதும் ஐக்கிய அமெரிக்காவுக்கு உரியதாயிற்று.

முறையான கைமாற்றம் ஜூலை 17, 1821 அன்று நகரின் ஏழாம் பெர்டினாண்ட் சதுக்கத்தில் நடைபெற்றது. ஸ்பானிய ஆளுநர் ஹோசே மரியா கயாவா ஒப்படைக்க, புளோரிடாவின் முதல் அமெரிக்க ஆளுநராக ஜாக்சன் பெற்றுக்கொண்டார். ஸ்பானியக் கொடி இறங்கியபோது நகர மக்கள் கண்ணீர் வடித்ததை ஜாக்சனின் மனைவி ரேச்சல் தம் கடிதமொன்றில் எழுதியுள்ளார். அடுத்த மாதமே சில ஆவணங்கள் பற்றிய தகராறில் கயாவாவை ஜாக்சன் சிறையிலடைத்தார் என்பது அக்காலத்தில் பெரும் பேச்சாயிற்று. அன்று முறைப்படி செல்லுபடியான அமெரிக்கக் கொடியில் 23 விண்மீன்களே இருந்தன. புளோரிடா மாநிலமாகி, அதற்குரிய 27 ஆவது விண்மீன் சேர்ந்தது 1845 இல்.

1861: ஒரே குடாவில் இரு கொடிகள்

புளோரிடா ஜனவரி 10, 1861 அன்று ஒன்றியத்திலிருந்து விலகுவதாக அறிவித்தது. அப்போது குடாவின் கரையில் ஒரு கடற்படைத் தளமும், வாயருகே பல கோட்டைகளும் ஒன்றியத்தின் வசம் இருந்தன. அவற்றைக் காக்கப் போதிய ஆட்கள் இல்லை. துணைநிலை அதிகாரி ஆடம் சிலெம்மர் அன்றே தம் 51 படைவீரர்களையும் 30 மாலுமிகளையும் கரையிலிருந்த பாரங்காஸ் கோட்டையிலிருந்து அகற்றி, சாந்தா ரோசா தீவின் முனையிலிருந்த பிக்கென்ஸ் கோட்டைக்குக் கொண்டு சென்றார். இந்த முடிவால் பிக்கென்ஸ் கோட்டை உள்நாட்டுப் போர் முழுவதும் ஒன்றியத்தின் கையிலேயே இருந்தது. அதன் மீது கூட்டமைப்பின் கொடி ஒருநாளும் பறக்கவில்லை. "ஐந்து கொடிகள்" என்ற வழக்கு மறைத்துவிடும் செய்திகளுள் இது முதன்மையானது.

ஜனவரி 12 அன்று புளோரிடா, அலபாமா படையினர் வந்து கடற்படைத் தளத்தைக் கேட்டனர். தளத் தலைவர் எதிர்ப்பின்றி ஒப்படைத்தார். கொடியை இறக்குமாறு வில்லியம் கான்வே என்ற வயது முதிர்ந்த மாலுமிக்கு ஆணையிடப்பட்டது. நெடுநாள் அக்கொடியின்கீழ்ப் பணிபுரிந்த தம்மால் அதை இறக்க இயலாது என அவர் மறுத்துவிட்டார். வேறொருவர் இறக்கினார். பின்னாளில் அமெரிக்கக் கடற்படை ஓர் அழிப்புக் கப்பலுக்குக் கான்வேயின் பெயரைச் சூட்டியது.

அக்கம்பத்தில் அடுத்து ஏறியது கூட்டமைப்பின் கொடி அன்று. கூட்டமைப்பே அதுவரை பிறந்திருக்கவில்லை. பதின்மூன்று சிவப்பு, வெள்ளைப் பட்டைகளுடன், நீல மூலையில் ஒரேயொரு பெரிய விண்மீன் கொண்ட கொடி ஏற்றப்பட்டது. ஏற்றியவர் புளோரிடாப் படைத் தலைவர் வில்லியம் சேஸ். இது புளோரிடாவின் தற்காலிகக் கொடியாக அவ்வாண்டு செப்டம்பர் வரை கருதப்பட்டது. கொடிகளைக் கணக்கிடுவோர் இதனைப் பொதுவாகச் சேர்ப்பதில்லை.

சேஸ் முன்னாள் இராணுவப் பொறியாளர். 1834 இல் கட்டி முடிக்கப்பட்ட பிக்கென்ஸ் கோட்டையின் கட்டுமானத்தை நடத்தியவர். ஜனவரி 15 அன்று அவரே படகில் சென்று அக்கோட்டையைச் சரணடையுமாறு கோரினார். கோரிக்கையை வாசிக்கத் தொடங்கியவர் குரல் தழுதழுத்துக் கண்கலங்கி, தாளை உடன் வந்தவரிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னதாக, அங்கிருந்த ஒன்றிய அதிகாரி கில்மன் எழுதியுள்ளார். சிலெம்மர் மறுத்துவிட்டார்.

அக்கோட்டையின் செங்கற்களை அடுக்கியவர்களிற் பலர் அடிமைகளாக இருந்த கறுப்பின மக்கள். 1861 மார்ச் 12 அன்று அடிமைகள் நால்வர் தப்பிக் கோட்டைக்கு வந்தனர். அங்கு பறந்த கொடி தம்மைக் காக்கும் என்றும், விடுதலை தரும் என்றும் அவர்கள் நம்பினர். சிலெம்மர் அவர்களை நகரத்துக்குக் கொண்டுபோய் அதிகாரிகளிடம் ஒப்படைத்தார். அன்றிரவே மேலும் நால்வர் வந்தனர். அவர்களும் திருப்பி அனுப்பப்பட்டனர். தப்பி வந்த அடிமைகளைத் திருப்பி அனுப்ப வர்ஜீனியாவின் மன்றோ கோட்டையில் ஒன்றியத் தளபதி பட்லர் முதன்முதலாக மறுத்தது அதற்கு இரண்டு மாதங்களுக்குப் பிறகுதான். 1864 இல் பாரங்காஸில் அதே ஒன்றியக் கொடியின்கீழ்க் கறுப்பினப் படைப்பிரிவுகள் நிலைகொண்டிருந்தன.

எந்தக் கூட்டமைப்புக் கொடி?

கூட்டமைப்பு தன் முதல் தேசியக் கொடியை 1861 மார்ச் 4 அன்று ஏற்றது. சிவப்பு, வெள்ளை, சிவப்பு எனக் கிடையான மூன்று பட்டைகளும், நீல மூலையில் வட்டமாக அமைந்த விண்மீன்களும் கொண்ட இக்கொடி "விண்மீன்களும் பட்டைகளும்" எனப்பட்டது. விண்மீன்கள் முதலில் ஏழாக இருந்து பதின்மூன்று வரை உயர்ந்தன. பிராக்ஸ்டன் பிராக் தலைமையில் பென்சகோலாவைக் கூட்டமைப்புப் படை ஆண்ட காலத்துக்கு உரிய தேசியக் கொடி இதுவே. 1861 நவம்பரிலும் 1862 ஜனவரியிலும் இக்கொடியும் பிக்கென்ஸின் ஒன்றியக் கொடியும் குடாவின் இரு புறமும் நிற்க, பெரும் பீரங்கிச் சண்டைகள் நிகழ்ந்தன. 1862 மே மாதத்தில் கூட்டமைப்பினர் நகரை விட்டு வெளியேறினர். அவர்கள் ஆட்சி பதினாறு மாதங்களே நீடித்தது.

சிவப்புத் துணியில் விண்மீன்கள் பதித்த நீல மூலைவிட்டச் சிலுவை கொண்டதும், இன்று உலகெங்கும் கூட்டமைப்பின் கொடியாக அறியப்படுவதும் போர்க்கொடியாகும். முதல் தேசியக் கொடி புகை மூண்ட போர்க்களத்தில் ஒன்றியக் கொடி போலவே தோன்றியதால், 1861 இறுதியில் வர்ஜீனியாவிலிருந்த படைக்கென இது வகுக்கப்பட்டது. இதனை மூலையில் கொண்ட இரண்டாம் தேசியக் கொடி 1863 மே மாதத்தில் ஏற்கப்பட்டபோது பென்சகோலா ஓராண்டாக ஒன்றியத்தின் வசம் இருந்தது. எனவே இப்போர்க்கொடி இந்நகரை ஆண்ட அரசின் தேசியக் கொடி எனக் கூறுவதற்கு வரலாற்று அடிப்படை இல்லை.

20 ஆம் நூற்றாண்டும் பின்னரும்

1950 ஆம் ஆண்டு தொடங்கிய "ஐந்து கொடிகளின் விழா" இச்சிறப்புப் பெயரைப் பரவலாக்கியது. லூனா கரையிறங்கும் காட்சியை நடித்துக் காட்டுவது இவ்விழாவின் வழக்கம். நகரின் பொது இடங்களில் ஐந்து கம்பங்கள் எழுந்தன. கூட்டமைப்பின் கம்பத்தில் நெடுங்காலம் பறந்தது போர்க்கொடியே. 19 ஆம் நூற்றாண்டில் அது நகரை ஆளாவிடினும், கறுப்பினத்தவரின் சம உரிமையை எதிர்ப்போரின் அடையாளமாக 20 ஆம் நூற்றாண்டில் அது வேறொரு பொருளைப் பெற்றிருந்தது. இதற்கு எசுகாம்பியா உயர்நிலைப் பள்ளி நிகழ்வுகள் சான்று. 1958 இல் திறக்கப்பட்ட அப்பள்ளியின் அணிகள் "கிளர்ச்சியாளர்" எனப் பெயர் கொண்டிருந்தன; போர்க்கொடி அவற்றின் சின்னமாக இருந்தது. கறுப்பின மாணவர்கள் சேர்க்கப்பட்ட பின் 1972 முதல் கைகலப்புகள் மூண்டன. 1973 இல் கூட்டரசு நீதிமன்றம் இச்சின்னங்களுக்குத் தடை விதித்தது. 1975 இல் மேல்முறையீட்டில் அத்தடை நீங்கியது. 1976 பிப்ரவரி 5 அன்று நிகழ்ந்த பெருங்கலவரத்தில் மாணவர்கள் நால்வர் மீது துப்பாக்கிக் குண்டு பாய்ந்தது. பின்னர் அப்பெயர் கைவிடப்பட்டது.

2000 ஆம் ஆண்டில் நகர நிருவாகம் தன் கொடி வரிசையில் போர்க்கொடிக்கு மாற்றாக முதல் தேசியக் கொடியை ஏற்றியது. வரலாற்றுப் பிழையைத் திருத்திய இம்முடிவு, அடிமை முறையைக் காக்க எழுந்த அரசொன்றின் கொடியை நகரம் தன் பெருமையாக ஏற்றலாமா என்ற கேள்வியைத் தொடவில்லை. 2015 ஜூன் 17 அன்று தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் நகரில் கறுப்பினத்தவரின் தேவாலயம் ஒன்றில் ஒன்பது பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். கொலையாளி கூட்டமைப்புக் கொடியுடன் நிற்கும் படங்கள் வெளியாயின. அம்மாதமே பென்சகோலா மேயர் ஆஷ்டன் ஹேவர்ட், நகருக்குரிய இடங்களிலிருந்து கூட்டமைப்பின் கொடிகளை அகற்றி, அவற்றின் இடத்தில் புளோரிடா மாநிலக் கொடியை ஏற்ற ஆணையிட்டார். 1891 இல் எழுப்பப்பட்ட கூட்டமைப்பு நினைவுத் தூணை அகற்ற நகரவை 2020 ஜூலையில் வாக்களித்தது. அது அக்டோபரில் அகற்றப்பட்டது.

மாற்றாக ஏற்றப்பட்ட புளோரிடா மாநிலக் கொடிக்கும் ஒரு வரலாறு உண்டு. வெள்ளைத் துணியின் நடுவில் மாநில முத்திரை மட்டும் இருந்தால், காற்றில்லாதபோது அது சமாதானக் கொடி போலத் தோன்றும் எனக் கூறி, சிவப்பு மூலைவிட்டச் சிலுவையைச் சேர்க்கப் பரிந்துரைத்தவர் ஆளுநராக இருந்த பிரான்சிஸ் பிளெமிங். 1900 இல் மக்கள் வாக்கெடுப்பில் அது ஏற்கப்பட்டது. பிளெமிங் கூட்டமைப்புப் படையில் போரிட்டவர் என்பதால், அச்சிலுவை கூட்டமைப்பின் நினைவே என்று சிலரும், பழைய பர்கண்டிச் சிலுவையின் சாயல் என்று சிலரும் கருதுகின்றனர்.

கணக்கில் சேராதவை

நீலத் துணியில் ஒற்றை வெள்ளை விண்மீன் கொண்ட கொடியையும் சிலர் பென்சகோலாவுடன் இணைத்துப் பேசுவதுண்டு. இது 1810 இல் பேட்டன் ரூஜ் பகுதியில் ஸ்பானியருக்கு எதிராக எழுந்து, மூன்று மாதங்களுக்குள் முடிவுற்ற மேற்குப் புளோரிடாக் குடியரசின் கொடி. அக்குடியரசின் ஆட்சி பென்சகோலாவை எட்டவில்லை.

நகருக்குப் பெயர் தந்த பன்சகோலா மக்களும், 18 ஆம் நூற்றாண்டில் இப்பகுதியின் உள்நாட்டில் வலிமை பெற்றிருந்த கிரீக் மக்களும் கொடிக் கணக்கில் இடம்பெறுவதில்லை. இங்கு வந்த ஐரோப்பிய அரசுகள் அவர்களின் தயவை நாடியே இருந்தன. 1784 இல் கிரீக் தலைவர் அலெக்சாந்தர் மெக்கிலிவ்ரே ஸ்பெயினுடன் பென்சகோலாவில் உடன்படிக்கை செய்துகொண்டார். கிரீக்குகளுடனான மான்தோல் வணிகத்தை நடத்தியது, ஸ்பானியக் கொடியின்கீழும் தொடர அனுமதி பெற்ற பான்டன், லெஸ்லி என்ற ஸ்காட்லாந்தியரின் வணிக நிறுவனம். மெக்கிலிவ்ரே 1793 பிப்ரவரியில் பென்சகோலாவில் இறந்தார். வணிகர் வில்லியம் பான்டனின் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.